டி-ஸ்கோர் −2.5 வரவில்லை, அப்படியென்றால் எலும்பு உடையாதா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

அம்மாவுக்கு 67 வயது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பு டி-ஸ்கோர் −1.4, தொடை எலும்பின் கழுத்தில் −2.1. "ஆஸ்டியோபீனியா, எலும்புப்புரை இல்லை" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. போன தீபாவளி சமயத்தில் வாசலில் கால் இடறி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்தார். கையை ஊன்றி விழுந்தால் யாருக்கும் உடையத்தானே செய்யும். −2.5 தாண்டாதவரை எலும்பு பலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம் இல்லையா?

3 பிப்ரவரி 2024

எடுத்துக்கொள்ள முடியாது. போகிற போக்கில் சொன்ன அந்த மணிக்கட்டு முறிவுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான தகவல். டி-ஸ்கோர் அதற்கு அடுத்தபடிதான்.

நின்ற இடத்திலிருந்து, மாடியிலிருந்தோ வண்டியிலிருந்தோ அல்லாமல், சும்மா தரையில் விழுந்து 50 வயதுக்கு மேல் ஒரு எலும்பு உடைந்தால் அதை "யாருக்கும் உடையும்" என்று தள்ளக் கூடாது. அப்படி ஒரு முறை உடைந்தவர்களுக்கு மறுபடி எங்காவது உடையும் வாய்ப்பு, உடையாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதுவும் முதல் இரண்டு வருஷத்தில்தான் ஆபத்து அதிகம். உங்கள் அம்மா இப்போது அந்தக் காலகட்டத்தில் இருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருஷம் டெக்ஸா மெஷினில் வேலை பார்த்தவள். மருந்து வேண்டுமா, எந்த மருந்து என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை என்னால் சொல்ல முடியும்.

3 பிப்ரவரி 2024, இரவு

அந்த −2.5 எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பாதிக் குழப்பம் தீரும். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒன்று வகுத்த கோடு அது. இளம் வயதுப் பெண்களின் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறீர்கள் என்பதுதான் டி-ஸ்கோர். −1 வரை சாதாரணம், −1-க்கும் −2.5-க்கும் நடுவே ஆஸ்டியோபீனியா, −2.5-உம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. ஊர் ஊராக எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று கணக்கெடுக்க ஒரு பொதுக் கோடு தேவைப்பட்டது, போட்டார்கள். எலும்புக்கு அந்தக் கோடு தெரியாது. −2.4-இல் பத்திரமாக இருந்துவிட்டு −2.5-இல் உடையத் தொடங்குவதில்லை. ஆபத்து ஒரே சரிவாகத்தான் ஏறுகிறது. இடுப்பில் டி-ஸ்கோர் ஒரு எண் இறங்கினால் இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்காகும்.

நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்து முதியவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பெண்களுக்கு முதுகெலும்பு தவிர மற்ற இடங்களில் நடந்த முறிவுகளில் 44 சதவீதம்தான் −2.5-க்குக் கீழே இருந்தவர்களுக்கு நடந்தது. மீதி எல்லாம் "எலும்புப்புரை இல்லை" என்று ரிப்போர்ட் வாங்கக்கூடியவர்கள். அந்த நடுப்பட்டையில் ஆள்தொகை அதிகம், அதனால் முறிவும் அங்கே அதிகம்.

வயதை மறந்துவிடாதீர்கள். 50 வயதுக்காரருக்கும் 80 வயதுக்காரருக்கும் அதே −2.5 வரலாம், ஆபத்து ஒன்றாக இருக்காது. 80-இல் பல மடங்கு அதிகம்.

5 பிப்ரவரி 2024

"ஸ்கேன் எடுத்தால் மெஷின் சொல்வதுதானே, அதில் என்ன தப்பு வரும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மேஜைப் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

முதுகெலும்பு எடுக்கும்போது காலுக்கு அடியில் ஒரு பெரிய ஃபோம் கட்டையை வைத்து முழங்காலை மடக்கித் தூக்கி வைப்போம், இடுப்பு வளைவு மேஜையோடு படிவதற்காக. இடுப்பு எடுக்கும்போது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி ஒரு முக்கோணப் பலகையில் பட்டையால் கட்டுவோம். இந்தத் திருப்பல் குறைந்தால் தொடை எலும்பின் கழுத்து படத்தில் குட்டையாக விழும், அளவு மாறிவிடும். படத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். தொடை எலும்பின் உள்பக்கத்தில் ஒரு சின்ன முண்டு உண்டு. அது பெரிதாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் கால் சரியாகத் திரும்பவில்லை. மூட்டுவலி இருக்கும் பாட்டிகளுக்குக் காலைத் திருப்பினாலே உயிர் போகும். பொறுமையாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். வரிசையில் இருபது பேர் காத்திருக்கும் நாளில் அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை.

அப்புறம் உலோகம். சேலையில் குத்தியிருக்கும் ஊக்கு, பாவாடை நாடாவில் முடிந்த சாவி, இடுப்பில் வெள்ளி அரைஞாண். கடைசியாகச் சொன்னது சரியாக அளக்கவேண்டிய இடத்துக்கு மேலேயே கிடக்கும். ஒரு பாட்டி, "இத கட்டையில போறப்பத்தான் கழட்டுவாக தாயி" என்று சிரித்தபடியே மறுத்துவிட்டார். நெஞ்சு வரைக்கும் மேலே ஏற்றிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுத்தோம். இன்னொன்று, காலையில் கால்சியம் மாத்திரை போட்டுக்கொண்டு வருவார்கள். கரையாத மாத்திரை வயிற்றில் வெள்ளைப் புள்ளியாக முதுகெலும்பின் மேலேயே விழுந்துவிடும். ஸ்கேனுக்கு முந்தைய நாளிலிருந்தே கால்சியத்தை நிறுத்திவைக்கச் சொல்வது அதனால்தான்.

உடம்பிலேயே இருக்கும் தொந்தரவும் உண்டு. வயதானவர்களின் முதுகெலும்பில் தேய்மானத்தால் ஓரங்களில் எலும்பு முளைத்திருக்கும், முதுகெலும்புக்கு முன்னாலுள்ள பெரிய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து மெஷின் "அடர்த்தி" என்று எண்ணிவிடும். அதனால் 65-க்கு மேல் முதுகெலும்பு எண் நன்றாக இருக்கிறது என்றால் நான் நம்புவது இடுப்பு எண்ணைத்தான்.

கேள்வி கேட்டவருக்கு: ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். படம் இருக்கும் பக்கத்தில் எல்1, எல்2, எல்3, எல்4 என்று ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் தனித்தனி எண் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

6 பிப்ரவரி 2024

எண்கள் அனுப்பியதற்கு நன்றி. எல்1 −0.3, எல்2 −1.8, எல்3 −1.7, எல்4 −1.6.

எல்1 தனியாக நிற்கிறது. சாதாரணமாக மேலிருந்து கீழே வரவர அடர்த்தி கூடும், எல்1-தான் குறைவாக இருக்க வேண்டும். பக்கத்து முள்ளெலும்போடு ஒரு டி-ஸ்கோருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த எலும்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மீதியை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது முறை. உங்கள் ரிப்போர்ட்டில் நீக்கவில்லை. முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் இப்படி வரும்: அதே சுண்ணாம்பு குறைந்த பரப்புக்குள் அடைந்து கிடப்பதால் எண் "நன்றாக" ஏறிவிடும். தேய்மானத்தாலும் வரலாம். முதுகுக்குப் பக்கவாட்டில் ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். டாக்டரிடம் கேளுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

9 பிப்ரவரி 2024

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: அவருடைய சித்தப்பாவுக்கு டி-ஸ்கோர் +2.8, "இரும்பு எலும்பு" என்று ஸ்கேன் சென்டரில் சொன்னார்களாம். ஆனால் மனிதர் முதுகு விறைத்துப்போய், கழுத்தைத் திருப்ப முடியாமல் இருக்கிறாராம். அடர்த்தி கூடினால் பலம் கூடும் என்ற கணக்கு எங்கே இடறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் கறை, பிறகு எலும்பிலும் தசைநார்களிலும் படிவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்ததற்கு இந்த ஃப்ளோரைடு பிரச்சினை ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் இந்த நோயை முதலில் விவரித்து எழுதியதும் பழைய சென்னை மாகாணத்தில்தான். 1937-இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் நெல்லூர்ப் பக்கத்து மக்களைப் பார்த்து எழுதினார்கள்.

அப்படிப்பட்ட எலும்பை டெக்ஸாவில் போட்டால் எண் பிரமாதமாக வரும். எலும்பு பிரமாதமாக இருக்காது.

இதே ஃப்ளோரைடை ஒரு காலத்தில் எலும்புப்புரைக்கு மருந்தாகவே கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ரிக்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 1990-இல் வெளிவந்தது. எலும்புப்புரை இருந்த 202 பெண்கள், 4 வருஷம், பாதிப் பேருக்கு தினம் 75 மில்லிகிராம் சோடியம் ஃப்ளோரைடு, இரண்டு பக்கத்துக்கும் கால்சியம். ஃப்ளோரைடு சாப்பிட்டவர்களுக்கு முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. எண்ணை மட்டும் பார்த்தால் கொண்டாட வேண்டிய முடிவு. ஆனால் முதுகெலும்பு முறிவு சொல்லும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளில் நடந்த முறிவு ஃப்ளோரைடு பக்கம் 72, மறுபக்கம் 24. மூன்று மடங்கு!

இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். 1996-இல் எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையின் பெரிய ஆய்வு வந்தது. ஏற்கெனவே முள்ளெலும்பு உடைந்திருந்த பெண்களுக்கு முதுகெலும்பு அடர்த்தியில் கிடைத்த லாபம் 6 சதவீதத்தை ஒட்டித்தான். ஆனால் முதுகெலும்பு முறிவும் இடுப்பு முறிவும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

35 ஏறியபோது உடைந்தது, 6 ஏறியபோது காப்பாற்றியது. இந்த இரண்டு ஆய்வையும் படித்த பிறகு மெஷினிலிருந்து வரும் எண்ணை நான் பழைய மாதிரி பார்த்ததில்லை. சித்தப்பாவை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டுத் தண்ணீரையும் குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

10 பிப்ரவரி 2024

"அப்போ பலம் என்பது என்னதான்?" என்று நேற்று இரவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

எலும்பில் சுண்ணாம்பு உப்பும் இருக்கிறது, கொலாஜன் என்ற நாரும் இருக்கிறது. உப்பு விறைப்பைக் கொடுக்கும், நார் வளைந்து கொடுத்து விரிசல் பரவாமல் பிடிக்கும். ஃப்ளோரைடு எலும்பில் உப்பு ஏறியது, கட்டமைப்பு கெட்டது. டெக்ஸா உப்பை மட்டும்தான் அளக்கிறது, நாரை அதற்குத் தெரியாது.

அடுத்தது அமைப்பு. முள்ளெலும்பின் உள்ளே மெல்லிய எலும்புக் கம்பிகள் நெட்டும் குறுக்குமாக ஓடுகின்றன. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், நெட்டுக் கம்பு நிற்பது குறுக்குக் கம்பின் தயவில். குறுக்கே ஒன்றை அவிழ்த்துவிட்டால் நெட்டுக் கம்பின் பிடிமானம் இல்லாத நீளம் இரண்டு மடங்காகிறது. ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே போட்ட கணக்குப்படி, நீளம் இரண்டு மடங்கானால் வளையாமல் தாங்கும் பாரம் நாலில் ஒன்றாகிவிடும். எடுத்தது ஒரே ஒரு கம்பு, சுண்ணாம்புக் கணக்கில் கொஞ்சம்தான் குறையும், டி-ஸ்கோர் லேசாக அசையும். பலம் முக்கால்வாசி போயிருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு வரும் வருஷங்களில் முதலில் அறுந்து போகிறவை பெரும்பாலும் இந்தக் குறுக்குக் கம்பிகள்தான்.

மூன்றாவது, அளவு. டெக்ஸா எலும்பின் நிழலைத்தான் பார்க்கிறது, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று. கனம் அதற்குத் தெரியாது. சின்ன எலும்புக்காரருக்கு எண் குறைவாகவும் பெரிய எலும்புக்காரருக்கு அதிகமாகவும் காட்டும். குள்ளமான நம் ஊர்ப் பெண்களை மேல்நாட்டு இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிடும்போது இதையும் மனதில் வைக்க வேண்டும்.

2000-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கருத்தொற்றுமை அறிக்கை எலும்பின் பலத்தில் சுமார் 70 சதவீதத்தை அடர்த்தி சொல்லிவிடும் என்றது. அதனால் டெக்ஸாவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நான் சோறு சாப்பிட்டது அந்த மெஷினால், அது நல்ல மெஷின். கதிர்வீச்சும் மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. மீதி 30-ஐ வேறு வழியில் தேட வேண்டும் என்கிறேன்.

10 பிப்ரவரி 2024, மாலை

மீதியைத் தேடும் கருவிகள்: டி.பி.எஸ். என்று ஒன்று, டெக்ஸாவில் எடுத்த அதே முதுகெலும்புப் படத்தின் சாம்பல் நிறத் திட்டுகளைப் படித்து உள் கம்பிகள் எப்படியிருக்கின்றன என்று மதிப்பிடும் மென்பொருள். தனி ஸ்கேன் தேவையில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ரொம்ப உதவும். சி.டி. ஸ்கேனிலிருந்து கன அளவில் அடர்த்தி எடுக்கலாம், கம்ப்யூட்டரில் அந்த எலும்பை "உடைத்து" எவ்வளவு பாரம் தாங்கும் என்றும் கணக்கிடலாம். மணிக்கட்டிலும் முழங்காலுக்குக் கீழும் கம்பிகளைத் தனித்தனியாகக் காட்டும் ஸ்கேனும் உண்டு, ஆராய்ச்சிக் கூடங்களில் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு தேவைப்படுவது இவை எதுவும் இல்லை.

13 பிப்ரவரி 2024

கல்யாண மண்டபத்தில் இலவச முகாம், குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்தால் இரண்டு நிமிஷத்தில் "உங்களுக்கு எலும்புப்புரை" என்று சீட்டு. கூடவே மாத்திரை, சத்துமாவு விற்பனை. இது பற்றி எனக்குக் கோபம் உண்டு.

அது குதிகால் அல்ட்ராசவுண்ட். ஒலி எலும்புக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது. ஒழுங்காகப் பராமரித்த கருவியில் அதுவும் முறிவு ஆபத்தைப் பற்றி ஓரளவு சொல்லும், அதை மறுக்கவில்லை. ஆனால் −2.5 என்ற கோடு டெக்ஸாவில் இடுப்பு, முதுகெலும்பு, முன்கை அளவுகளுக்குப் போட்டது. குதிகால் பெட்டியில் வரும் −2.5 அதே −2.5 இல்லை. அதை வைத்து நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, மருந்து வேலை செய்கிறதா என்றும் பார்க்க முடியாது. அந்தச் சீட்டோடு அழுதுகொண்டே வந்த 42 வயதுப் பெண்ணுக்கு டெக்ஸா எல்லா இடத்திலும் சாதாரணமாக வந்தது. அதைவிடக் கவலை, முகாமில் "நார்மல்" என்று சீட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிப் போன 70 வயதுக்காரர்களைப் பற்றித்தான். அவர்கள் எங்களிடம் வரவேயில்லை.

17 பிப்ரவரி 2024

எக்ஸ்ரே வந்துவிட்டது. எல்1 முன்பக்கம் நசுங்கியிருக்கிறது, பழைய முறிவு. அம்மாவுக்கு எப்போது நடந்தது என்றே தெரியவில்லை, "இடுப்பு பிடிச்சுக்கிட்டு ஒரு மாசம் கெடந்தேன்" என்று இப்போதுதான் ஞாபகம் வந்து சொல்கிறாராம்.

இது அதிசயமில்லை. முள்ளெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு டாக்டரின் கவனத்துக்கே வராது. விழாமலேயே நடக்கும். குடத்தைத் தூக்கும்போது, குனிந்து குழந்தையை எடுக்கும்போது. "வாயு பிடிப்பு" என்று எண்ணெய் தேய்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

இனி ஆஸ்டியோபீனியா என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அடிபடாமல் முள்ளெலும்பு நசுங்கியிருந்தால் டி-ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அது எலும்புப்புரைதான், மருந்து பற்றிப் பேசியே ஆக வேண்டும். மணிக்கட்டும் சேர்ந்து இரண்டாகிவிட்டது.

மற்றவர்கள் வீட்டிலேயே பார்க்கக் கூடியவை: இளமையில் இருந்த உயரத்தைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் பக்கவாட்டு எக்ஸ்ரே கேளுங்கள். இளமையில் யார் உயரம் அளந்தார்கள் என்பீர்கள். இரண்டு கையையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்தால் ஏறத்தாழ பழைய உயரம் வரும். சுவரில் குதிகாலையும் முதுகையும் ஒட்டி நிற்கச் சொல்லுங்கள், பின்தலை சுவரில் தொடுகிறதா? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது இருக்கிறதா? என்னிடம் வந்த அம்மாக்களிடம் நான் கேட்பது ஒன்று: "முன்ன மாதிரி கட்டுனா சேலை தரையில பொரளுதா?" பலர் உடனே தலையாட்டுவார்கள். சேலையை இடுப்பில் ஒரு சுற்று மடித்துச் செருகிக்கொள்ளப் பழகியிருப்பார்கள், தாங்கள் குட்டையாகிவிட்டோம் என்று தோன்றியிருக்காது.

18 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும், படுக்கும்போதுதான் உறைத்தது. அடர்த்தி குறைவு என்றாலே எலும்புப்புரை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வைட்டமின் டி ரொம்பக் குறைந்து எலும்பு சரியாக உப்பேறாமல் மெத்தென்று ஆகும் நோயிலும் டெக்ஸா எண் குறைவாகத்தான் வரும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கு வைத்தியமே வேறு, முதலில் வைட்டமின் டி-யைச் சரிசெய்யாமல் எலும்புப்புரை மருந்தைக் கொடுப்பது ஆபத்து. பாரா தைராய்டு சுரப்பி அதிகமாகச் சுரந்தாலும் எலும்பு கரையும். வயதானவருக்கு முதுகெலும்பு நசுங்கி, ரத்தசோகையும் இருந்தால் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வார்கள். இவற்றைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்ப்பவை: கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி, தேவைப்பட்டால் பி.டி.எச். (பாரா தைராய்டு ஹார்மோன்), மைலோமாவுக்குப் புரத எலக்ட்ரோபோரெசிஸ். டாக்டர் எழுதிக்கொடுத்தால் செலவு பார்க்காமல் எடுங்கள்.

20 பிப்ரவரி 2024

ஃபிராக்ஸ் பற்றிக் கேட்டவருக்கு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் தலைமையில் உருவாகி 2008-இல் வெளிவந்த கணக்கு முறை அது. இணையத்தில் இலவசம். வயது, பால், எடை, உயரம், முன்பு முறிவு உண்டா, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இடுப்பு முறிந்ததா, புகை, ஸ்டீராய்டு, முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), மது, இருந்தால் தொடை எலும்புக் கழுத்து அடர்த்தி. இதையெல்லாம் போட்டால் அடுத்த 10 வருஷத்தில் பெரிய முறிவுக்கு இத்தனை சதவீதம், இடுப்பு முறிவுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லும். ஸ்கேன் இல்லாமலும் போடலாம். நாட்டுக்கு நாடு கணக்கு வேறு: இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று. சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று தனித்தனியாக உண்டு. உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுக்காமல் போட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

பெரிய முறிவுக்கு 20 சதவீதம், இடுப்பு முறிவுக்கு 3 சதவீதம் வந்தால் மருந்து என்று இணையத்தில் சுற்றும் வரம்பு அமெரிக்காவின் செலவுக் கணக்கில் பிறந்தது. அதை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

இந்தக் கணக்கில் விழுவது பற்றிக் கேள்வியே இல்லை. முறிவு ஒன்றா மூன்றா, போன மாதமா இருபது வருஷம் முன்பா என்றும் கேட்காது. ஸ்டீராய்டு எவ்வளவு என்று கேட்காது. டைப் 2 சர்க்கரை நோய்க்குத் தனிக் கட்டம் இல்லை, ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு அடர்த்தி நன்றாக இருக்கும்போதே எலும்பு உடைகிறது. அதனால் பல டாக்டர்கள் முடக்குவாதக் கட்டத்தில் டிக் செய்து ஈடுகட்டுவார்கள். நம் ஊரில் இது சின்ன விஷயமா? பின்னால் வந்த ஃபிராக்ஸ் பிளஸ்ஸில் இவற்றுக்குத் திருத்தம் உண்டு. ஆஸ்திரேலியாவின் கார்வன் கணக்கு கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று நேரடியாகவே கேட்கிறது.

25 பிப்ரவரி 2024

விழுவது. இதை நான் முதலிலேயே எழுதியிருந்தாலும் தகும்.

என் அத்தைக்கு (வீட்டுக்காரரின் அம்மா) இடுப்பு டி-ஸ்கோர் −2.0. நானே எடுத்தது, சுத்தமான ஸ்கேன். இரவில் தூக்க மாத்திரை, கண்ணில் புரை, ஆபரேஷனுக்கு "பேத்தி கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப் போட்டிருந்தார். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படி தடுக்கிப் பக்கவாட்டில் விழுந்தார். இடது தொடை எலும்பின் கழுத்து போயிற்று. எலும்பில் பாதிக் காரணம், அந்த இருட்டில் பாதிக் காரணம்.

இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுவதால்தான். அதிலும் பக்கவாட்டில் விழுந்தால் ஆபத்து சுமார் 6 மடங்கு. முன்னால் விழுபவர் கையை ஊன்றுவார், மணிக்கட்டு போகும். வேகம் குறைந்த முதியவர் பக்கவாட்டில் சரிவார், இடுப்பு நேராகத் தரையில் மோதும்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடிக்கு மேல் எடுத்தால் கவனிக்க வேண்டும். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்றும் பாருங்கள். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை பட்டியலை டாக்டரிடம் ஒரு முறை சலிக்கக் கொடுங்கள். எண்ணெய்க் குளியல் அன்று வீட்டில் யாராவது கூட இருங்கள், குளித்து முடித்ததும் தரையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிடுங்கள். பாத்ரூமில் ஒரு கைப்பிடி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு சின்ன விளக்கு. அத்தைக்கு இதெல்லாம் நாங்கள் அதற்குப் பிறகுதான் செய்தோம். கண் ஆபரேஷனும் அதற்குப் பிறகுதான்.

10 மார்ச் 2024

"போன வருஷம் −2.1, இந்த வருஷம் −2.3, மாத்திரை வேலை செய்யவில்லை" என்று கவலைப்படுபவருக்கு. ஒரே ஆளை ஒரே நாளில் இறக்கி ஏற்றி இரண்டு முறை எடுத்தாலே எண் கொஞ்சம் மாறும். நல்ல மையத்திலேயே தொடை எலும்புக் கழுத்தில் 6.9 சதவீதத்துக்குக் குறைவான மாற்றத்தை உண்மையான மாற்றம் என்று சொல்ல முடியாமல் போகலாம், முதுகெலும்பில் 5.3. உங்களுடையது 4 சதவீதம் அளவுதான். அதுவும் இரண்டு முறையும் வேறு வேறு மெஷினில் எடுத்திருக்கிறீர்கள். வேறு கம்பெனி மெஷின் என்றால் ஒப்பிடவே கூடாது. டி-ஸ்கோரை விட்டுவிட்டு கிராம் கணக்கில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், அடுத்த முறை பழைய இடத்திலேயே எடுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

எலும்புப்புரைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். தேதி தள்ளிப் போனாலோ, மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ முள்ளெலும்புகள் வரிசையாக நசுங்கலாம். "எண் நன்றாகிவிட்டது, போதும்" என்று நீங்களாக முடிவெடுக்கக் கூடாத மருந்து அது.

18 மார்ச் 2024

கடைசியாக ஆண்களைப் பற்றி ஒரு மகள் கேட்டிருக்கிறார், அப்பாவுக்கு 74, நாள்பட்ட இளைப்பு, வீசிங் வரும்போதெல்லாம் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாராம். "ஆம்பளைக்கு எதுக்கு இந்த ஸ்கேன்" என்கிறாராம்.

இடுப்பு முறிந்தபின் ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் பெண்களைவிட ஆண்களில் அதிகம். மேலே சொன்ன ராட்டர்டாமிலேயே ஆண்களுக்கு நடந்த முறிவுகளில் 21 சதவீதம்தான் −2.5-க்குக் கீழே. அதனால் அவர்கள் விஷயத்தில் எண் இன்னும் குறைவாகத்தான் காப்பாற்றும், காரணத்தைத் தேட வேண்டும். உங்கள் அப்பாவுக்குக் காரணம் அந்தக் கடை மாத்திரையாக இருக்கலாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 5 மில்லிகிராம் மூன்று மாதம் போட்டாலே எலும்புக்கு ஆபத்துக் கணக்கில் சேர்ப்பார்கள். ஸ்டீராய்டு எலும்பில், டி-ஸ்கோர் காட்டுவதற்கு முன்பே உடையும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனை அடக்கும் ஊசி போடுபவர்களுக்கும் எலும்பைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காலி அட்டை, பெயரில்லாத பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு நெஞ்சு டாக்டரிடம் கொண்டுபோங்கள். பயந்துபோய் ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். ரொம்ப நாள் சாப்பிட்டவருக்குத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழுவார். படிப்படியாகக் குறைக்கும் அளவை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். டெக்ஸாவுக்குச் சீட்டும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.